தொண்ணூறு நாளில் மக்கும்

மக்காச்சோள மாவில் செய்த பைக்குள் அச்சகக்காரர் கட்டிப்போட்ட கோபம் நாலு கிலோ முந்நூறு கிராம் இருந்தது. எடை போட்டது எலக்ட்ரானிக் தராசு, அந்த மாதம்தான் முத்திரை போட்டு வந்தது, அதனால் எடையில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மக்கும் பை விற்கும் சின்னவளின் கடைக்கு வந்தவர், ஒரு பையைப் பிரித்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டே, போனில் தன் காகித வியாபாரியைக் காய்ச்சி எடுத்தார். பேசி முடித்தபோது பை உப்பிக் கனத்துத் தொங்கியது. உள்ளே பார்த்தால் ஒன்றுமில்லை. சின்னவள் பழக்கதோஷத்தில் முடிச்சுப் போட்டுத் தராசில் வைத்தாள். லேபிள் அடிக்கும் மெஷின், யாரும் பொத்தானைத் தொடாமலேயே, ‘இருபத்திரண்டு நாளில் மக்கும்’ என்று ஒரு துண்டைத் துப்பியது. அவளும் பையை வாசலில் இருந்த செடித்தொட்டியில் புதைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். இருபத்துமூன்றாம் நாள் அச்சகக்காரர் தாமாகவே காகித வியாபாரியைக் கூப்பிட்டு, பையனுக்கு ஜுரம் தேவலையா என்று விசாரித்தார். என்ன சண்டை என்று கேட்டவர்களிடம், சண்டையா, யாரோடு என்றார்.

அதுவரை அவள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பூமிக்கு நல்லது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வாங்கும்போது பிளாஸ்டிக் கவரைத்தான் வாங்குவார்கள். இப்போது அவள் கடைத்தெரு வியாபாரிகளின் போன் குரூப்பில், ‘ஒரு பைக்கு ஒரு கோபம்’ என்று ஒரே ஒரு வரி போட்டாள். மறுநாள் வரிசை தெருமுனை திரும்பியது. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதவன் மேலிருந்த கோபம் ஒன்பது நாள் என்று வந்தது. பதவி உயர்வு கைநழுவிய குமாஸ்தாவுக்கு ஏழு மாதம். கூட்டு வியாபாரத்தில் ஏமாந்த ஒருவருக்கு லேபிள் ரோல் முழுவதும் ஓடி நின்றது, அவரை நாளைக்கு வரச் சொன்னாள். பாதி மக்கிய கோபம் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அவள் ஒரு போர்டு எழுதி வைத்தாள், அப்படியும் கேட்டு வந்தவர்கள் உண்டு. அந்த மண்ணில் கத்தரியும் தக்காளியும் நன்றாகவே காய்த்தன. மிளகாயை மட்டும் வாயில் வைக்க முடியவில்லை.

கோபத்தை விட மனமில்லாதவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அது பெரியவளின் பிளாஸ்டிக் கவர் கடை. பிளாஸ்டிக்கில் கட்டிய கோபம் நானூறு வருஷமானாலும் கெடாது, கட்டிய அன்றைய சூட்டோடு பேரன் பேத்திகளுக்குப் போய்ச் சேரும். இரண்டு கடையும் ஒரு காலத்தில் அவர்கள் அப்பாவின் ஒரே கடை. நடுவில் சுவர் எழுந்து ஒன்பது வருஷமாகியிருந்தது. அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்குவார்கள், ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சின்னவள் வெளியூரில் வேலையில் இருந்தாள். பெரியவள் போன் செய்யவில்லை. சின்னவள் வந்து இறங்கியது எல்லாம் முடிந்த மறுநாள். ஊரார் கோபத்தையெல்லாம் மண்ணில் புதைத்தவள் இந்த ஒன்றை மட்டும் பையில் போடவில்லை. போட்டால் அப்பாவை இரண்டாம் தடவையும் தனியாக விட்டுவிட்டு வந்ததாக ஆகும் என்று அவளுக்கு இருந்தது.

கடைசியில் அது வெளியே வந்தது வியாபாரத்துக்காகத்தான். கடைத்தெரு முழுவதும், அறுபத்திரண்டு கடையும், மக்கும் பைக்கு மாறலாம் என்று வியாபாரிகள் சங்கத்தில் பேச்சு எழுந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் வருஷக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழையபடி வெளியூர் வேலைக்குப் போக வேண்டியதுதான். கோபம் புதைக்க ஆளுக்கு ஒரு பை போதும், அதை நம்பி எத்தனை நாள் கடை நடத்துவது? சங்கச் செயலாளர் இரும்புக்கடைக்காரர். எதையும் தட்டிப் பார்த்தே வாங்குகிறவர். அவள் தராசோடும் லேபிள் மெஷினோடும் சங்கக் கூட்டத்துக்குப் போனபோது அவர் கேட்டார்.

“ஏம்மா, கோபம் மக்குறதெல்லாம் சரி. என் கடையில ஆணியும் கீலும் வாங்குறாங்க. பை அறுந்து கால்ல விழுந்தா யார் பதில் சொல்றது? கனம் தாங்குமா, அதைக் காட்டு.”

அவள் கூட்டத்தைப் பார்த்து, யாரிடமாவது நல்ல கனமான கோபம் இருக்கிறதா என்று கேட்டாள். ஒருவரிடமும் இல்லை. எல்லோரும் அவளுடைய வாடிக்கையாளர்கள், இருந்ததையெல்லாம் அவளே வாங்கிப் புதைத்துவிட்டிருந்தாள். அறுபத்திரண்டு பேரைச் சேர்த்தாலும் கால் கிலோ தேறாது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஒரு பையை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஒன்பது வருஷத்தையும் அதற்குள் மெதுவாகச் சொன்னாள். பதினொன்றரை கிலோ. பையின் பிடி இழுபட்டு நீண்டது, ஆனால் அறவில்லை. செயலாளரே அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். மெஷின் தொண்ணூறு நாள் என்றது. “தொண்ணூறாம் நாள் தோண்டுவோம். மக்கியிருந்தா எல்லாக் கடைக்கும் உன் பைதாம்மா” என்றார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் பெரியவளின் இருமல் சத்தம் சுவர் வழியே கேட்டபோது, சின்னவள் பல்லைக் கடிக்க மறந்துபோனாள். எண்பதாம் நாள் காலையில் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மண்வெட்டியோடு தொட்டி முன்னால் நின்றாள். இப்போது தோண்டினால் மிச்சமாவது கிடைக்கும், ஆர்டர் போகும். விட்டால் ஆர்டர் கிடைக்கும், அப்பாவுக்காக இத்தனை நாள் கட்டிக்காத்தது போகும். அப்படி நின்றுகொண்டே இருந்ததில் கடை திறக்கும் நேரமாகி, ஒருவர் வந்து முழம் நீளப் பை இருக்கிறதா என்று கேட்க, எடுத்துக் கொடுக்க உள்ளே போனாள். தொண்ணூறாம் நாள் செயலாளர் முழங்கைவரை விட்டுத் துழாவிப் பார்த்தார். வெறும் மண். முகர்ந்தும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறுபத்திரண்டு கடைக்கும் லேபிள் ஒட்டி முடிப்பதற்குள் ரோல் தீர்ந்தது. சின்னவள் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய், “அக்கா, லேபிள் ரோல் ஒண்ணு இருந்தா குடேன், நாளைக்குத் தரேன்” என்றாள். இரண்டு கடை வரிசையிலும் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவள் ரோலைத் தேடவில்லை. தங்கை முகத்தில் அந்தப் பழைய கோபம் இல்லாததைப் பார்த்தாள். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். சொல்லத் துணிவில்லாததை அவள் அதில்தான் கட்டிவைத்திருந்தாள். பிளாஸ்டிக் என்பதால் ஒரு வார்த்தையும் கெடவில்லை. முடிச்சை அவிழ்த்ததும் ஒன்பது வருஷம் இளைய குரலில் அப்படியே வெளியே வந்தது.

“சரியாயிடும்னு நெனச்சுதான்டி உனக்குப் போன் பண்ணல. அப்பா உன்னையே கேட்டுட்டிருந்தாரு. வந்துட்டிருக்கான்னு பொய் சொல்லிட்டேன். ‘பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சுதான்னு கேளு, இல்லன்னா அவளுக்குக் கொமட்டும்’னாரு. அதுக்கப்புறம் பேசவே இல்ல. என்னை மன்னிச்சுடுடி.”

கோபப்பட வேண்டிய இடம் இது என்று சின்னவளுக்கே தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அது இருந்த இடத்தில் அப்பாதான் இருந்தார், படுத்தபடியே, பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு. ஒன்பது வருஷமாக அழாத அழுகையை அவள் அங்கேயே, வாடிக்கையாளர்களுக்கு முன்னால், வாய்விட்டு அழுதாள். அக்காள் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கெடச்சுதுக்கா” என்றாள் சின்னவள். “ஜன்னல் சீட்டுதான் கெடச்சுது.”

இரண்டு வரிசையிலும் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கு அடுத்து யார் என்று மறுபடி விசாரிக்க ஆரம்பித்தார்கள்.