வின்னியின் விருந்தாளி

"உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே, மேடம்," என்றாள் வாயிற்காவல் பெண், கூண்டின் ஜன்னல் வழியே குனிந்து. "யார் வீட்டுக்குப் போகணும்?"

"ஆர்லீன் வீட்டுக்கு. எழுபத்தொண்ணாம் நம்பர்."

"அப்ப அவங்கதான் போன் பண்ணிச் சொல்லணும். மெம்பர் சொல்லாம நான் கேட்டைத் திறக்க முடியாது."

பெர்னிஸ் பக்கத்து இருக்கையைக் காட்டினாள். அதில் பெல்ட் போட்டு நிறுத்திய ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. "இதோ இருக்கா. தகனம் பண்ணி நேத்துதான் குடுத்தாங்க. நீயே கேட்டுக்கோ."

காவல் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. தடுமாறிக்கொண்டே யாருக்கோ போன் செய்தாள். பிறகு தலையை நீட்டி, "மன்னிச்சிடுங்க மேடம். வின்னி மேடம் சொல்லிட்டாங்க. அவங்க கெஸ்ட்டுன்னு எழுதிக்கிட்டேன்," என்றாள்.

கூடப்பிறந்தவளின் சாவுக்கு, அக்கம்பக்கத்துக்காரியின் விருந்தாளி! பெர்னிஸ் காரை வேகமாக உள்ளே விட்டாள்.

சிகாகோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஏரியைச் சுற்றி எண்பத்து நாலு வீடுகள். அந்த வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தண்ணீரில் கால்கூட நனைக்க முடியாது. நாற்பது வருடங்களுக்கு முன் ஆர்லீன் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். பெர்னிஸ் நகரத்திலேயே, அம்மா விட்டுப்போன செங்கல் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள், தங்கை வீட்டு மரத்தளத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டின் மீதிருந்த பொறாமை பழசு, அது பழகிப்போய்விட்டது. வின்னியின் மீது வந்ததுதான் புதுசு.

டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகு ஆர்லீனுக்குப் பேச்செல்லாம் வின்னிதான். வின்னி சொன்னாள், வின்னி சிரித்தாள், வின்னியோடு போனேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஆர்லீனின் உயிர் போனதுகூட வின்னியின் படகுத்துறையில்தான், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது. அக்காவுக்குச் செய்தி வந்தபோது மணி மதியம் இரண்டு. அந்த ஆறரை மணி நேரமும் வின்னியிடம்தான் இருந்திருக்கிறாள். செத்தவளிடம்கூட வின்னிக்குத்தான் முதல் உரிமை.

"சாம்பலை ஏரியிலதான் போடணும்னு அவ சொல்லியிருக்கா," என்று வின்னி போனில் சொன்னபோது பெர்னிஸ், "பார்க்கலாம்," என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் பேசி முடித்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுச் சாம்பலை வாங்கியவள் பெர்னிஸ்தான். கொண்டுவந்து காட்டுவாள், அவர்கள் வழக்கப்படி படகில் ஏரியைச் சுற்றுவதைச் சுற்றிக்கொள்ளட்டும், பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

வின்னி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். மேஜையில் ஹாம் சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், நடுவே ஒரு தட்டு நிறையக் கொலாச்சி. கசகசா வைத்து மடித்துச் சுட்ட அந்தப் பண்டம் அவள் அம்மாவின் கைமணம்.

"ஆர்லீன்தான் சொல்லிக்குடுத்தா," என்றாள் வின்னி, தட்டை நீட்டி. எழுபது வயதுக்கு நல்ல அகலத் தோள். "நல்லா வந்திருக்கா, பெர்னிஸ்?"

பெர்னிஸ் கடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் செய்வதைவிட நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

"கொஞ்சம் உலர்ந்துபோச்சு," என்றாள்.

"அவளும் இதையேதான் சொல்வா!" வின்னி சிரித்து, சிரிப்பு பாதியில் அழுகையாகி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் எதற்கு அழுகிறாள், அழவேண்டியவள் நானல்லவா என்று பெர்னிஸ் நினைத்தாள். ஆனால் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

பதினோரு மணிக்குப் படகுகள் கிளம்பின. இங்கே யார் செத்தாலும் தட்டைப் படகுகளெல்லாம் வரிசையாக ஏரியை ஒரு சுற்றுச் சுற்றும். முதல் படகில் பெர்னிஸ், மடியில் பெட்டி. ஓட்டியவர் ஹாலிஸ் என்ற கிழவர். எதிரே வின்னியும் இன்னும் ஐந்து கிழவிகளும், எல்லோரும் கழுத்து வரை மூடிய நீளமான துவாலை அங்கியில்.

"ஏரியில சாம்பலைக் கரைக்கக் கூடாதுன்னு இங்க வீட்டுக்காரங்க சங்கத்து விதியே இருக்கு," என்றார் ஹாலிஸ். "கவலைப்படாதீங்க. அந்த விதியை எழுதின மனுஷனே இப்ப இந்த ஏரிக்குள்ளதான் கிடக்கான்."

கிழவிகள் சிரித்தார்கள். பெர்னிஸ் பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

"தினம் காலையில இந்த நடு ஏரி வரைக்கும் நீந்தி வருவோம், ஏழு பேரும்," என்றாள் வின்னி. "ஆர்லீன்தான் எப்பவும் முன்னாடி."

"ஆர்லீனா? அவளுக்குத் தண்ணின்னா பயம்!" பெர்னிஸ் குரல் உயர்ந்துவிட்டது. "சின்ன வயசுல கரையில நின்னுக்கிட்டு என் இடுப்பை விடமாட்டா. எங்க ரெண்டு பேருக்குமே நீச்சல் வராது."

"அப்படியா?" வின்னி உண்மையிலேயே வியந்தாள். "எங்ககிட்ட சொன்னதே இல்லையே. அம்பத்தஞ்சு வயசுல வந்து, கத்துக்குடுன்னு நின்னா. மூணு மாசத்துல எங்களையெல்லாம் தோற்கடிச்சுட்டா."

தங்கை பயத்தைத் தன்னிடம் விட்டுவிட்டு, தைரியத்தை இவர்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். பெட்டியைத் தரப்போவதில்லை என்பது இன்னும் உறுதியாயிற்று.

நடு ஏரியில் ஹாலிஸ் என்ஜினை நிறுத்தினார். பின்னால் வந்த படகுகளும் ஓய்ந்தன. வின்னி எழுந்து அங்கியைக் கழற்றினாள். உள்ளே நீச்சலுடை. மற்ற ஐவரும் கழற்றினார்கள். செப்டம்பர் கடைசி, குளிர் ஏறிய தண்ணீர். ஏணியில் ஒவ்வொருவராக இறங்கி, கூடப் பழகிய ஒருத்தி போனால் செய்யவேண்டியது இதுதான் என்பதுபோல் வட்டமாகச் சேர்ந்து கால்களை அடித்து மிதந்தார்கள்.

பெர்னிஸ் அசையவில்லை. அவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. விறைக்கட்டும், நன்றாக விறைக்கட்டும் என்றது பெர்னிஸின் மனம்.

வின்னி படகோரம் நீந்தி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"உங்களுக்கு முடியாதுன்னா என்கிட்ட குடுங்க. நான் போட்டுடறேன்."

"என் தங்கச்சி அவ!" என்றாள் பெர்னிஸ். "நான்தான் போடுவேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. அம்மாவின் பக்கத்து இடம், திரும்பிப் போகும் திட்டம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. அதற்குமேல் வின்னியின் கைக்கு ஒரு பிடிகூடப் போய்விடக்கூடாது என்பது ஒன்றுதான் பாக்கி. மூடியைத் திறந்தாள், உள்ளிருந்த பையைக் கிழித்தாள், படகோரக் கம்பி மேல் சாய்ந்து மொத்தத்தையும் தானே கொட்டினாள்.

பெரும்பகுதி உடனே முழுகிப்போயிற்று. மெல்லிய தூள் மட்டும் மேலே பரவி, மிதந்துகொண்டிருந்த கிழவிகளிடம் போயிற்று. வின்னியின் கைகளிலும் தோள்களிலும் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டது. வின்னி அதைக் கழுவவில்லை.

பெர்னிஸ் தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தன.

"பார்த்து, விழுந்துடப் போறீங்க," என்றார் ஹாலிஸ்.

அவள் மண்டியிட்டாள். கோட்டின் கையை மடிக்காமலே, இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் வரை அந்தத் தூள் மிதந்த தண்ணீருக்குள் விட்டு, வைத்துக்கொண்டிருந்தாள்.