போதும் என்று சொல்லத் தெரியாத மீன்கள்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை என் மாமனாரைக் கண்டிப்பதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "நீங்கள் போட்ட தீனிதான் இரண்டு மீன்களைக் கொன்றது" என்று எழுதிவிடலாம். எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் அதைச் சொல்ல முடியாது. பதினான்கு வருடமாகக் கதை எழுதுகிறேன், நாக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[தொட்டித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்த அந்தக் காலையில், பொன்மீன் ஒன்று தன் கடைசிக் கனவை]

மீனுக்கு என்ன கனவு? அடித்தேன். அடுத்தது:

[ஏழில் இரண்டு போனால் ஐந்து.]

இது கணக்குப் பாடம். இதையும் அடித்துவிட்டு, ஆளிடமிருந்தே தொடங்குகிறேன்.

2.

மாமனார் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முப்பத்தொரு வருடம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். தினம் மதியம் நானூறு பேர்.* அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அண்டாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். "கரண்டி அடியில சொரண்டற சத்தம் கேட்டா, யாரோ ஒருத்தன் கூச்சப்பட்டு அரை வயித்தோட எந்திரிச்சிருக்கான்னு அர்த்தம்" என்பார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். கேட்கிற எனக்கும் நிமிரும்.

(* இந்த எண்ணைப் பிறகு திருத்த வேண்டியிருந்தது. பொறுங்கள்.)

எட்டு மாதத்துக்கு முன் எங்களோடு வந்து சேர்ந்தார். கூடத்து மீன்தொட்டியையும் தீனி டப்பாவையும் அவரிடம் ஒப்படைத்தோம். அவர் தன் சட்டத்தை அப்படியே தொட்டிக்குள் கொண்டுபோனார். நாலு உருண்டை தின்னப்படாமல் மிதக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பார். அந்த மிச்சம் அடியில் போய் அழுகியது, தண்ணீர் கெட்டது, மூச்சு முட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாவம், பசிக்குது பாரு, எப்படிக் கேக்குது" என்று இன்னொரு சிட்டிகை போட்டார். வியாழக்கிழமை ஒன்றும் வெள்ளிக்கிழமை ஒன்றும் செத்து மிதந்தன.

3.

இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல். இந்தக் கதையில் நானும் வருகிறேனே.

என் கணவர் சொன்னார்: "டப்பாவை எடுத்து ஒளிச்சு வச்சிடு. அப்பா கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அப்புறம் அவருக்கு இந்த வீட்ல என்ன வேலை இருக்கு?"

மாமனாருக்கு வேறு வேலை இல்லாமல் செய்தவளே நான்தான். ஏனென்றால் (அடைப்புக்குறிக்குள் போட்டு மறைக்கப் பார்க்கிறேன், மறையவில்லை) சமையலறை என்னுடையது. வந்த முதல் வாரம் கரண்டியை எடுத்தவரிடம், "இத்தனை வருஷம் உழைச்சது போதும், உக்காருங்க மாமா" என்று வாங்கி வைத்துவிட்டேன். பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது. உண்மையில் என் அடுப்பில் இன்னொரு கை படுவது எனக்குப் பிடிக்கவில்லை. டப்பாவும் போனால் இந்த வீட்டில் அவர் வெறும் விருந்தாளி.

அதனால்தான் எழுதினேன். கதையில் அவர் உண்மை தெரிந்து தொட்டியின் முன் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு அழுதார். நன்றாகவே வந்திருந்தது. அதைத் தீனி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, வளர்ப்பு மீன் விற்கிற கடையில் தீனியின் அளவு கேட்டு வருகிற சாக்கில் வீட்டைவிட்டு நழுவிவிட்டேன்.

4.

திரும்பி வந்தபோது தாள்களில் பென்சில் திருத்தங்கள் இருந்தன.

"நானூறு இல்லம்மா. நானூத்திப் பன்னெண்டு. அந்தப் பன்னெண்டு பேரும் சாப்பிட்டவங்கதானே?"

"சரிங்க மாமா."

"அப்புறம், என்னை அழ வச்சிருக்க. நான் அழல. தப்புப் பண்ணியிருக்கேன், அது வேற. அழுதா தண்ணி தெளிஞ்சிருமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதை வாயால சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? சரி, அளவு சொல்லு."

"ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதானாம் மாமா."

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொட்டியின் பக்கத்தில் வைத்தார். ஓர் உருண்டை போட்டார், அது காலியாகும்வரை பார்த்தார், அடுத்ததைப் போட்டார். எது முந்துகிறது, எது ஒதுங்குகிறது என்று கவனித்து, ஓரத்தில் நிற்கும் வெள்ளை மீனுக்குத் தனியாக அதன் மூலையிலேயே போட்டார். மூன்று நாள் இதே வேலை. நாலாம் நாள் தீர்ப்பு வந்தது.

"காலைல பதினஞ்சு. சாயங்காலம் பத்து. அதுக்கு மேல ஒண்ணு கூடாது."

"மிச்சம்?"

"இருக்கக் கூடாது. மனுஷன்னா போதும்னு கை காட்டுவான். இதுங்களுக்குச் சொல்லத் தெரியாது. அப்ப நான்தான சொல்லணும்?"

எழுபத்திரண்டு வயதில், வாழ்நாள் முழுக்கக் கட்டிக்காத்த சட்டத்தை நாலே நாளில் தலைகீழாக்கி, அதையும் கம்பீரமாகச் சொல்கிற மனிதரைப் போய் நான் அழவைத்திருக்கிறேன். அந்த நாலு பக்கத்தையும் கிழித்தேன்.

5.

முடிவுகள்.

ஒன்று: தண்ணீர் தெளிந்தது, ஐந்தும் பிழைத்தன. இது நடந்ததுதான். ஆனால் இங்கே நிறுத்தினால் மீன் வளர்ப்புக் கையேடு ஆகிவிடும்.

இரண்டு: [யாரும் பார்க்காதபோது மாமனார் இன்னும் ஒரே ஒரு] இல்லை. பதினைந்து என்றால் பதினைந்துதான். சந்தேகம் இருந்தால் வந்து எண்ணிப் பாருங்கள்.

மூன்று: கடைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார், வாரத்தில் ஒரு நாள் தீனியே போடாமல் விடுவது நல்லதாம். "அப்பாவால அது மட்டும் ஆகாது" என்றார் என் கணவர். நேற்றுதான் அந்த முதல் நாள். மாமனார் கூடத்துக்கு வந்ததும் ஐந்தும் கண்ணாடியோரம் கூடிவிட்டன. அவர் டப்பாவை எடுத்தார். என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். மாமனார் கொஞ்ச நேரம் மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டப்பாவைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"இன்னிக்கு அதுங்களுக்கு லீவு விட்டாச்சு. எனக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். "மூணு பேருக்குச் சமைச்சு எனக்குப் பழக்கமில்லம்மா. அளவை நீ சொல்லு, நான் போடறேன்."

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கண்ணளவில் போட்டவர் என்னிடம் அளவு கேட்கிறார். கரண்டி என் கையில் இருக்கிறது. நான் சொன்ன பதிலை எழுதினால் இது என்னைப் பற்றிய கதையாகிவிடும். இது அவருடைய கதை. அதனால் நான் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் என் இடத்துக்கு வாருங்கள். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள், வாசலிலேயே நிற்கிறார்.