மீனுக்கு ஊற்றிய தண்ணீர்

"கண்ணு, பெட்டி கெளம்புனதும் ஊட்டுல இருக்கற தண்ணியெல்லாம் கொட்டிப்புட்டுக் கழுவி உட்டர்றேன். நீ கல்லறைக்குப் போய்ட்டு வா," என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் குடத்தின் கழுத்தைப் பிடித்தாள்.

"ஐயோ, அக்கா! அதத் தொடாதீங்க!"

ஆன்மேரி போட்ட சத்தத்தில் கூடத்தில் ஜெபமாலையே ஒரு கணம் நின்றுவிட்டது. நல்ல வேளை, சாவு வீட்டில் பெண்டாட்டிக்காரி எப்படிக் கத்தினாலும் அழுகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அவள் கத்தியது பயத்தில். பயமென்றால் அப்படி ஒரு பயம்.

பெட்டிக்குள் அவள் புருசன் மரியதாஸ் படுத்திருந்தார். மலைமேல் கொட்டச்சேட்டில், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸுக்காகச் சேலத்துக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்த மனுசன். நேற்றுக் காலையில் குடத்தை ரொப்பி வைத்துவிட்டுப் போனவர், ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் யாரிடமோ சொன்னதில் ஆன்மேரியின் காதில் விழுந்தது ஒன்றுதான்: "பாஸ்பேட் ரொம்ப ஏறியிருந்துச்சு."

அந்த வார்த்தை அவள் வீட்டில் புழங்கிய வார்த்தை.

மரியதாஸுக்கு மீன் தொட்டி என்றால் உயிர். தொட்டியில் பாசி பிடிக்கிறதென்று, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தண்ணீரைச் சோதிப்பார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டவேண்டும். அவருக்குக் கை நடுங்கும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் குப்பியைப் பிடிப்பது அவள்தான். மீனுக்கென்றே வாங்கி வைத்த மெஷினில் சுத்தம் செய்த தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும். குழாய்த் தண்ணீர் நீலமாகும். "நீலம்னா பாஸ்பேட்டு. தோட்டத்துக்குப் போடற ஒரமெல்லாம் மழையில நம்ம தண்ணிக்குத்தான் வருது," என்பார்.

நோய் தெரிந்த அன்று, மலையேறும் பஸ்ஸில் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். "தண்ணிதான் காரணமா இருக்குமோ? நீயும் இதத்தான குடிக்கற." பயத்தை மறைக்கத் தெரியாத மனுசன். மறுநாளே மெஷின் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்.

"சப்புன்னு இருக்குதுங்க. வாயில வைக்க முடியல. மீனுக்கே ஊத்துங்க," என்றாள் அவள்.

அவரும் சிரித்துவிட்டார். மெஷின் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும், எல்லாருக்கும் காணாது. அன்றிலிருந்து மீனுக்கு அந்தத் தண்ணீர், மனுசருக்குக் குழாய்த் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைச் சோதனையையும் அதோடு அவர் விட்டுவிட்டார். ஆனால் குடத்தை ரொப்பும் வேலையை மட்டும், மூச்சு வாங்கினாலும், அவர் யாருக்கும் விட்டதில்லை. அதில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து அவருக்குக் கொடுத்தது அவள். தானும் குடித்தாள்.

நானே ஊத்தி ஊத்திக் கொன்னுட்டனா?

டயாலிசிஸ் வார்டு நர்ஸ் சுதாராணி பஸ் பிடித்து வந்திருந்தாள். ஆன்மேரி அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், கொழாத் தண்ணியில பாஸ்பேட்டு இருந்தா, கிட்னிக்காரங்க செத்துப்போவாங்களா?"

"தண்ணியிலயா? அதெல்லாம் தொட்டியில பாசி புடிக்கற அளவுதானுங்கம்மா. பாலு, கறி, கருவாட்டுல இருக்கறதுக்கு அது ஒண்ணுமே இல்லீங்க. சாருக்குக் கிட்னி வெளிய தள்ளல, அதான் ஏறிப்போச்சு. யாரு உங்களுக்கு இப்புடிச் சொன்னது?"

ஆன்மேரி தலையாட்டினாள். நம்பவில்லை. ஆறுதலுக்கு வந்தவள் வேறென்ன சொல்லுவாள்? அவர் கடைசியாக ரொப்பிய இந்தக் குடத்தைக் கொட்டிவிட்டால், அவர் குடித்ததில் என்ன இருந்ததென்று பிறகு சாகிறவரைக்கும் தெரியப்போவதில்லை.

சுதாராணி போனதும், பின்கட்டில் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மருந்துப் பெட்டியை எடுத்துவந்து கதவைச் சாத்தினாள். முதலில் குழாய்த் தண்ணீர். நீலம். குப்பியைக் கழுவினாள். பிறகு குடத்துத் தண்ணீர். சொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

திறந்தபோது நிறமே இல்லை.

மருந்து சரியாக விழவில்லையோ என்று மறுபடியும் சொட்டிப் பார்த்தாள். இல்லை. பின்கட்டுக்கு ஓடி, மீனுக்கென்று வைத்திருந்த கேனிலிருந்து பிடித்துவந்தாள். அது நீலமானது, குழாய்த் தண்ணீரைப் போலவே.

தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. ஏன் இத்தனை பாசி என்று கேட்டதற்கு, "வெயில் படுதுல்ல, அதான்," என்று போன ஞாயிறுகூட வாய் கூசாமல் சொன்ன மனுசன்.

"கண்ணு, பெட்டிய மூடப் போறாங்க. வா சாமி." வெள்ளையம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஆன்மேரி குடத்தைச் சாய்த்து டம்ளர் நிறையப் பிடித்தாள்.

"ஐயோ, சாவூட்டுத் தண்ணி! குடிக்கக் கூடாது கண்ணு!"

சப்பென்றுதான் இருந்தது. அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.