பதினான்காம் நம்பர்: குடை

...ஆக மொத்தம் தப்பு அந்தச் சர்ச்சு மேல்தான், ஒரு வாசலில் உள்ளே விட்டு இன்னொரு வாசலில் வெளியே தள்ளுகிற கட்டடத்தை எவனாவது கட்டுவானா, கோயில் என்றால் போன வழியே திரும்பி வர வேண்டும், செருப்பு விட்ட இடத்துக்குக் கால் தானாக வந்து நிற்க வேண்டும், அதுதானே முறை... சுந்தரராஜுலு தன் பக்கத்து நியாயத்தை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்தார். இடது ஷூவை முதலில் கழற்றியது, அப்புறம் வலது, சாக்ஸை உருட்டி உள்ளே திணித்தது, இரண்டையும் ஜோடி சேர்த்துப் படியின் வலது ஓரத்தில் பூந்தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி வைத்தது, எல்லாம் ஒழுங்கு. கூட வந்தவர்கள் ஷூவோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து, பாவம், மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டார். அம்புஜம் மட்டும் வாசலிலேயே குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள், எங்கே போனாலும் இவள் லேட்டு. கைடு மார்த்தா மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணி, கடற்கொள்ளைக்காரர்கள், ராஜா என்று அடுக்கிவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து எல்லோரையும் சந்துக்குள் விட்டுவிட்டாள். உள்ளே சில்லென்று இருந்ததில் காலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு சந்து தாண்டி, வெயில் காய்ந்த கல்லில் பாதம் பட்டபோதுதான்... ஸ்ஸ்... பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பத்தெட்டு வருஷம் பம்ப்செட் கம்பெனி நடத்தியவர், ஜூன் மாதத்து மத்தியானத்தில், ஸ்பெயின் கரையிலிருந்து படகில் முக்கால் மணி தள்ளி இருக்கிற ஒரு துக்கிணியூண்டு தீவில், மதில் சுவருக்குள் அடைபட்ட ஒரு பழைய ஊரில், வெறுங்காலோடு நிற்கிறார். ஒண்ணேகாலுக்குப் படகு. இப்போது பதினொன்று ஐம்பது. வாட்ச் மட்டும் சரியாக ஓடுகிறது.

திரும்பிப் போய் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? அம்புஜம், ஷூவை அங்கயே உட்டுட்டேன், இரு வாரேன் என்று நாலு ஆள் முன்னால் போகிற பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்... சொல்லலாமா? நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுடைய ஊதா மடக்குக் குடையைக் காணோம். ஆறு மணிக்கு ஆரம்பித்த பேச்சைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. பொருள் மேல கவனம் வேணும் அம்புஜம், இன்னிக்குக் குடையைத் தொலைச்சவ நாளைக்குப் பாஸ்போர்ட்டைத் தொலைப்ப, நாளான்னிக்கு என்னையவே எங்கியாச்சும் உட்டுப்போட்டு வந்துருவ... ஸ்பெயினில் வேலை பார்க்கிற மகன் கிஷன், அவன் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள், போன் வந்த மாதிரி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். மருமகள் நேஹாதான், உடுங்க மாமா, வேற வாங்கிக்கலாம் என்றாள். அம்புஜம் தலையை ஆட்டினாள். ஆமாங்க, என்ற தப்புதானுங்க என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் 'தானுங்க'வில் கொஞ்சம் இழுப்பு இருந்த மாதிரி... இல்லை, ஒன்றும் இல்லை. இன்று காலை படகில் கண்ணாடி துடைக்கிற துணியைத் தேடி முதுகுப்பையின் அடி அறைக்குள் கையை விட்டார், ஊதாவாக ஒன்று தட்டுப்பட்டது. நேற்றுத் தூறல் நின்றதும் ஈரக் குடையை அவளிடமிருந்து வாங்கித் தானே மடித்துக் கவரில் சுற்றி... நோட்டை எடுத்துப் பார்த்தார். பயணப் பொருள் பட்டியல், அவருடைய முத்து முத்தான கையெழுத்து, பதினான்காம் நம்பர்: குடை (ஊதா), என் பையில். தேதி, நேரம் எல்லாம் போட்டிருந்தது. சுந்தரராஜுலு ஆயுசில் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தவர் இல்லை. கிழித்தார். கடலில் குப்பை போடக்கூடாது என்பதால் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது பஸ் சீட்டுக்கு அடியில் கிடந்து எடுத்த மாதிரி கொடுத்துவிடுவது என்று திட்டம். நல்ல திட்டம்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் தொலைக்காத குடையை முதுகில் சுமந்துகொண்டு, தான் தொலைத்த ஷூவைப் பற்றி எந்த வாயால் சொல்வது?

மார்த்தா நின்றாள், நல்லவேளை, நிழல். கிணற்று வாய் மாதிரி ஒரு கல் வளையத்தைக் காட்டி, இந்தத் தீவில் ஊற்று கிடையாது, மழைத் தண்ணீரைப் பூமிக்கடியில் தொட்டி கட்டிப் பிடித்து வைத்துத்தான் மதிலுக்குள் இருந்தவர்கள் குடித்தார்கள் என்றாள். எட்டிப் பார்த்தார். பதினெட்டு அடி இருக்கும், அரை ஹெச்பி மோட்டார் தாராளம், அடியில் ஒரு ஃபுட் வால்வு, ஊர் முழுக்கக் குழாய் போட்டுவிடலாம், இதுக்குப் போய் முந்நூறு வருஷம் கயிறு கட்டி இறைத்திருக்கிறார்களே... கட்டை விரலுக்குக் கீழே கொப்புளம் கிளம்புகிறது. தாராபுரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் திருமலைசாமிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவார், ஐம்பது வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. அந்தக் கடிதம் இப்போதே மனசுக்குள் ஓடியது. அன்புள்ள திருமலைசாமிக்கு, நலம், நலமறிய ஆவல். மேற்படி தீவுக்கு வந்து சேர்ந்தோம். சுற்றிலும் கல் மதில், மூன்று வாசல், உள்ளே ஆறேழு தெரு, ஆள் நடமாட்டத்தை விடப் பூனை நடமாட்டம் அதிகம். சௌகரியமாக நடந்து சுற்றிப் பார்த்தேன்... சௌகரியமாக என்பதை அடித்துவிடலாமா? திருமலைசாமிக்குப் பொய் எழுதிப் பழக்கம் இல்லை. அந்தியூர் விஷயம்கூட உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தானே தெரியும், முப்பத்தோரு வருஷம் ஆச்சு. பழைய லேத்து மிஷின் ஒன்றைப் பார்க்க ஈரோடு போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ரெண்டு பேருமாக அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போனார்கள். வெள்ளைக் குதிரை ஒன்று, கழுத்தை வளைத்துக்கொண்டு நின்ற அழகு... சும்மா ஏறிப் பாருங்க முதலாளி என்றான் குதிரைக்காரன். இந்தப் பக்கம் ஏறினார், அந்தப் பக்கம் இறங்கினார், தலைகீழாக. இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. கம்பெனியில ஆயில் வழுக்கிருச்சு என்று வீட்டில் சொல்லியாயிற்று. ஒரு மாசம் அம்புஜம்தான் சட்டை மாட்டிவிட்டாள், தரையைத் துடைக்காமல் விட்ட ஃபோர்மேனைத் தினமும் வைதாள், பாவம் அந்த மனுஷன், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திட்டும் வாங்கிக்கொண்டு போனார்...

சார், யுவர் ஷூஸ்? மார்த்தா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அவர் காலைப் பார்க்கிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள், அம்புஜமும் திரும்பிப் பார்க்கிறாள். இந்த மாதிரிப் புராதன இடங்களில் வெறுங்காலோடு நடப்பது உங்கள் வழக்கமா என்று குரலைத் தாழ்த்தி, அத்தனை மரியாதையாகக் கேட்கிறாள். மரியாதையாகக் கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்ல எங்கே கற்றுக்கொடுத்தார்கள், நம்ம பக்கம் பந்தியில் போதும் என்றால்கூட இலையைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டுவதோடு சரி. எஸ், என்றார். கஸ்டம், அதாவது வழக்கம். அவ்வளவுதான், மார்த்தா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் வேறொரு தீவில் சிறைப்பட்டுக் கிடந்து மீண்டு வந்த குடும்பங்கள் வெறுங்காலோடுதான் இந்த மதிலுக்குள் முதல்முதலாக நடந்து வந்தார்களாம், இந்தப் பெரியவர் அவர்களுக்கு மரியாதை செய்கிறாராம். ஆறடி உயர வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் உட்கார்ந்து ஷூ லேசை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் சம்சாரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்புறம் இன்னும் ரெண்டு பேர், அப்புறம் தொப்பி போட்ட ஒரு ஆள், கடைசியில் மார்த்தாவே. வேண்டாங்க, ப்ளீஸ், கால் சுடும் என்று வாய் வரைக்கும் வந்தது, வந்து என்ன செய்ய? அவரை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டார்கள். வருஷா வருஷம் பண்ணாரியில் தீக்குண்டம் மிதிக்கிற மச்சினன், ஒருக்கா எறங்குங்க மாமா என்று கூப்பிடும்போதெல்லாம் பிரஷர் இருக்குது என்று தப்பித்தவர், இதோ, பின்னால் ஆறு பேர் ஊ... ஆ... என்று குதித்துக்கொண்டு வர, தலைமை தாங்கி மிதிக்கிறார். அம்புஜம் ஒருத்திதான் செருப்போடு டக்கு டக்கென்று நடந்து வருகிறாள். உங்களுக்கு இந்த வழக்கம் கிடையாதா என்று கிழவரின் சம்சாரம் அவளிடம் கேட்பது காதில் விழுந்தது. ஒன்லி ஹஸ்பண்ட், மேடம், வெரி ஸ்ட்ரிக்ட் மேன் என்றாள் அம்புஜம். சிரித்தாளா? சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அடுத்த கல் வரைக்கும். அப்போதுதான் அவள் தோளில் தொங்கிய பையைக் கவனித்தார். சொந்தக்காரப் பெண் பிரத்யுஷா கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலையோடு கொடுத்த தாம்பூலப் பை, எங்கே போனாலும் மடித்துக் கைப்பையில் வைத்திருப்பாள், மணமக்கள் பெயரை ஸ்பெயின் முழுக்க விளம்பரம் செய்தாகிவிட்டது, காலையில் படகில் காலியாக இருந்த பை இப்போது புடைத்துக்கொண்டு நிற்கிறது. என்னத்தை வாங்கினாள்? எப்போது? ஒரு கடைக்குள்ளும் நுழையவில்லையே... கேட்க வேண்டும், ஊருக்குப் போகிற பெட்டியில் எடை ஏற்கெனவே எல்லையைத் தொட்டாயிற்று, கேட்டே ஆக வேண்டும்...

மதில் மேல் ஏறிக் கடலைப் போட்டோ எடுக்கப் பத்து நிமிஷம் விட்டார்கள். பாத்ரூம் என்று விரலைக் காட்டிவிட்டு, நிழலுக்கு நிழல் தாவி, ஒரு இடத்தில் பூனையைத் தாண்டி, சர்ச்சு வாசலுக்கு வந்து சேர்ந்தார். கதவு பூட்டியிருந்தது, சாப்பாட்டு நேரமாம். படி இருக்கிறது, தொட்டி இருக்கிறது, தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார், தொட்டிக்குப் பின்னால் பார்த்தார், தொட்டியைத் தூக்கி அடியிலும் பார்த்தார், ஒன்பதாம் நம்பர் ஷூ தொட்டிக்கு அடியில் எப்படி இருக்கும் என்று தூக்கின பிறகுதான் தோன்றியது. நேஹா கடை கடையாக அலைந்து வாங்கிக் கொடுத்த ஷூ, மேகத்து மேல நடக்கிறாப்புல இருக்கும் மாமா என்று சொன்னாளே, திரும்பிப் போனதும் அவள் கண் முதலில் காலுக்குத்தான் போகும். மொத்தமே ஐம்பது குடும்பம் இருக்கிற தீவு, சுற்றிலும் கடல், நாலு பக்கமும் மதில், இதற்குள் ஒரு திருடனா, அவனுக்கும் ஒன்பதாம் நம்பர் காலா? இல்லை, பழசு என்று நினைத்து யாராவது ஏழைக்கு... புதுசுங்க அது, வாங்கி அஞ்சு நாள்தான் ஆச்சுங்க! பூட்டின கதவிடம் சொல்லி என்ன பிரயோஜனம். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நேற்றுச் சாயங்காலம் தான் பேசினதெல்லாம் வரிசையாக, நம்பர் போட்டு, அவர் குரலிலேயே திரும்பிக் கேட்டது. குடையைத் தொலைச்சவ... நாளைக்குப் பாஸ்போர்ட்டை... உண்மையைச் சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. ஷூவை மட்டும். குடையைப் பற்றி இப்போது என்ன அவசரம்?

மேற்கு வாசல் வளைவுக்கு அடியில் எல்லோரும் உட்கார்ந்து கால் மண்ணைத் தட்டி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள், கிழவர் சுந்தரராஜுலுவின் கையைப் பிடித்துக் குலுக்கி, மறக்க முடியாத அனுபவம் என்றார், கண்ணில் தண்ணீர் இருந்தது, உணர்ச்சியா கொப்புளமா தெரியவில்லை. படகு ஊதியது. அம்புஜம், என்றார். என்னங்க? ஒண்ணுமில்ல... வந்து... ஷூ... அவள் தாம்பூலப் பையின் வாயை விரித்தாள். இடது, வலது, உருட்டின சாக்ஸு உள்ளேயே. "மொதல்ல சாக்ஸைப் போடுங்க, கடிக்கும்" என்றாள். "நீ எப்ப இதை..." "அங்கயே எடுத்துப்போட்டனுங்க. மருதமலையில செருப்புத் தொலைஞ்சதுலருந்து கோயிலுக்குப் போனா நானு பையிலதான வெச்சுக்குவேன், நீங்ககூடக் கேலி பண்ணுவீங்களே. என்ற செருப்போட உங்களுதையும் சேத்தி வெச்சேன்." "அப்பவே குடுக்கறதுக்கென்ன? கால் வெந்துபோச்சு." "கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க. நீங்க கேக்கவேயில்லீங்களே. அப்பறம் பாத்தா கஸ்டம்னு சொல்லிப்போட்டீங்க, நடுவுல எடுத்து நீட்டுனா அந்த மேடமெல்லாம் என்னன்னு நெனைப்பாங்க?" அவ்வளவுதான், பொருள் மேல கவனம் வேணும் என்கிற பாட்டு இல்லை, பாஸ்போர்ட் பேச்சு இல்லை, ஒன்றும் இல்லை. சுந்தரராஜுலு லேசை ரெண்டு முடிச்சாகப் போட்டார். மேகம்தான். பிழைத்தோம். "அப்படியே அந்தக் குடையையும் எடுங்க," என்றாள் அம்புஜம், "படகுல வெயிலு மூஞ்சிக்கு நேரா அடிக்கும்."

சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருக்கிறது. பையைத் திறந்து, கவரை அவிழ்த்து, குடையை விரித்துக் கொடுத்தார், டப் என்று விரிந்தது. அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எப்போது தெரியும்? காலையில் படகில் பார்த்திருப்பாள்... இல்லை, அதற்கு முன்னாலேயேவா, நேற்றுச் சாயங்காலமேவா, குடையை வாங்கினதே அவள் கையிலிருந்துதானே, அப்படியென்றால் அவ்வளவு நேரமும், அத்தனை பேச்சையும், எல்லாம் தெரிந்தே கேட்டுக்கொண்டு தோசைக்கல்லைத் துடைத்தாளா? என்ற தப்புதானுங்க என்றாளே? பலகை ஆடிக்கொண்டிருந்தது, படகு ஆடிக்கொண்டிருந்தது, அவர் ஒரு காலை எக்கித் தூக்கி வைத்தார். பின்னாலிருந்து அம்புஜத்தின் கை வந்து இடது தோள்பட்டையைப் பிடித்தது. சரியாக அந்த இடத்தை. "பாத்து, மெதுவா," என்றாள், "குதிரை ஏறறாப்புல எகிறாதீங்க." ஒரு கால் படகிலும் ஒரு கால் தீவிலுமாக சுந்தரராஜுலு நின்றுவிட்டார். சும்மா சொல்வதுதான், எல்லோரும் சொல்வதுதான், வாய்க்கு வந்த உவமை... மாட்டு வண்டி ஏறறாப்புல என்று சொல்லியிருக்கலாம், பஸ்ஸு ஏறறாப்புல என்று சொல்லியிருக்கலாம். திரும்பிப் பார்த்தார். ஊதா நிழலுக்குள் அவள் முகம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னங்க நின்னுட்டீங்க, பின்னால ஆளு நிக்கறாங்க பாருங்க... உட்கார்ந்தார். படகு கிளம்பியது, மதில் சின்னதாகிக்கொண்டே போனது. அப்படியானால் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஃபோர்மேன் பேரைச் சொல்லி ஒரு மாசம் வைததெல்லாம் யாரை? அன்புள்ள திருமலைசாமிக்கு, நலம், நலமறிய ஆவல். இவ்விடம் வேறு விசேஷம் இல்லை. மேற்படி அந்தியூர் சம்பந்தமாக உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்...