காலை எட்டு மணிக் கேள்வி

“மாத்திரை போட்டியா ஜெயா?” என்ற கேள்வியைச் சமுத்திரம் நானூற்றைம்பது ரூபாய்க்கு அழித்தான். அவன் சொன்னது அறுநூறு. பேசிக் குறைத்தவள் ஜெயபாயேதான்.

இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சமுத்திரத்துக்கு ஒரு கொள்கை உண்டு. மிஷின் வெறும் வீடாக வர வேண்டும். கட்டிலைக் குடிவருகிறவன் கொண்டுவரட்டும். கம்பெனிக்காரன் திணித்து அனுப்பும் வானிலை, சீட்டாட்டம், நினைவூட்டி எல்லாம் வாடகை தராத குடித்தனங்கள். கேட்டு வாங்காததை யார் தேடப்போகிறார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜெயபாய் கொண்டுவந்தது, இறந்துபோன கணவர் ஞானதுரையின் லேப்டாப்.

“ஆமையா ஊருது தம்பி.”

“எதெல்லாம் வேணும்க்கா?”

“போட்டோவும், அவிய பேண்டேஜ் யாவாரத்து பில்லும் போதும்.”

இரண்டையும் பத்திரமாக எடுத்துவைத்து, மிச்சத்தைத் துடைத்து, சிஸ்டத்தை மட்டும் புதிதாய் ஏற்றிச் சாயங்காலமே கொடுத்தனுப்பினான்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள்.

“ஏந்தம்பி, அவியள எங்க வச்ச?”

“யாரக்கா?”

“காலையில எட்டு மணிக்கு பிரஷர் மாத்திரை போட்டியான்னு எழுத்துல கேப்பாவ. போய்ச் சேந்த பொறவும் ஒருநாள் தவறல. ‘இந்தா போடுதேன், சும்மா இரிங்க’ன்னு சொல்லிட்டு முழுங்குவேன். இப்ப எட்டு மணியானா, யாரோ வாயத் தொறந்துட்டு சொல்லு வராம நிக்காப்புல இருக்கு.”

ஞானதுரை உயிரோடிருந்தபோது எழுதிவைத்த கேள்வி அது. துடைத்த நினைவூட்டிக்குள் ஞானதுரை இருந்திருக்கிறார்.

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா?”

“அது மிஷினோட வந்ததுல்லா. செவுத்தோட வந்த ஆணிய எவ சாமான் லிஸ்ட்டுல எழுதுவா?”

அழிந்ததைத் தோண்டும் சாப்ட்வேரை மத்தியானம் வரை ஓடவிட்டான். ஞானதுரை எப்போதோ தூக்கிப்போட்ட பில்களெல்லாம் எழுந்து வந்தன. அவர் வரவில்லை. கம்பெனி கொடுத்த அத்தனையையும், சீட்டாட்டம் உட்பட, திரும்ப ஏற்றினான். நினைவூட்டியில் அதே வார்த்தைகளைத் தானே அடித்து, ஒரு நிமிஷத்தில் வரும்படி வைத்தான்.

வந்தது. மாத்திரை போட்டியா ஜெயா?

அந்நிய ஆம்பளை அறைக்குள் நுழைந்தாற்போல ஜெயபாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இது அவிய இல்ல. நீயி.”

“நானாவே இருக்கட்டும்க்கா. போட்டீங்களா?”

அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சமுத்திரம் விரல்வைத்து எண்ணினான். பத்தில் மூன்று, ஞானதுரை கேட்டு அவள் விழுங்கியவை. இன்றைக்கு மூன்றுதான் மிஞ்சியிருக்க வேண்டும், ஏழு இருந்தன. கேள்வி அழிந்த நாலு நாளும் பாக்கி.