வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?

கடிதத்தில் எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வர அதுவே போதும். இருபத்திரண்டு வயதுப் பெண் எவள் இப்போது இப்படி எழுதுகிறாள்? 'என் கணக்கின் விவரங்களைப் பெற என் தந்தைக்கு அனுமதி அளிக்கிறேன்.' கீழே கையெழுத்து.

தொலைபேசி நிறுவனத்தின் கவுண்ட்டரில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பொய் அனுமதி காட்டி அடுத்தவர் விவரம் கேட்பது குற்றம் என்று தலைக்கு மேலே பலகை தொங்குகிறது. அதைப் படித்துக்கொண்டே பொய் சொல்வார்கள். எனக்கோ ஊர்வம்பு என்றால் உயிர். எதற்காகச் சொல்கிறார்கள் என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும்.

"அவளோட புது விலாசம் மட்டும் போதும்மா," என்றார் பெரியவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"பொண்ணையே கேக்கலாமே சார்?"

"அவளுக்கு நேரமில்லை."

பிறந்த தேதி கேட்டேன். பிறந்த நேரம், எடை வரை ஒப்பித்தார். கடைசியாக, மகளே பதில் எழுதி வைத்திருந்த கேள்வி: வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நத்தை! ஒரு வாய் சோத்தை அரை மணி நேரம் மெல்லுவா."

திரையில் இருந்த பதில் வேறு. 'யாரும் கூப்பிடுவதில்லை.'

"தப்பு சார்."

"எப்படித் தப்பாகும்? வச்சதே நான்தானே!"

"இந்தக் கடிதம் அவங்க எழுதினதா?"

"நான்தான் எழுதினேன். அவ வீட்டை விட்டுப் போய் எட்டு மாசமாச்சு. எங்க இருக்கான்னே தெரியலம்மா."

கடிதத்தை நான் வைத்துக்கொள்ள வேண்டும், மகளிடம் சொல்ல வேண்டும், போலீசுக்குப் போவதா என்பது அவள் முடிவு. விதியைச் சொன்னேன். ஓடிப்போவார் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பாவா?" என்றாள். "புகார் எழுதிக்குங்க." பேனாவை எடுத்தேன். அவள் போனை வைக்கவில்லை. "அந்தக் கேள்விக்கு என்ன சொன்னார்?"

அதைச் சொல்லலாமா என்று விதியில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். "நத்தைன்னு சொன்னார்."

அவள் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; யாரும் அதை மூடவில்லை. என் முன்னால் புகார்ப் படிவம் வெறுமையாகக் கிடந்தது. எதிரே பெரியவர், மகள் எந்த நேரமும் உள்ளே வந்துவிடுவாள் என்பது போல, மாற்றிப் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.