மூச்சு விட்ட புள்ளிகள்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூலையில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாடி வகுப்பறையில் கரும்பலகை மூச்சுவிடத் தொடங்கியது. அந்த வாரம் மழை இல்லை. கரண்ட் வழக்கம்போல் போய்ப் போய் வந்தது. புள்ளியியல் நடத்திய ரமீஸா மேடம், இரும்பு உருக்காலை ஒன்றின் தொழிலாளர்களை மூச்சளக்கும் குழாயில் ஊதவைத்து மாணவர்கள் அளந்து வந்த மூச்சளவுகளை வரைபடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு சாக்பீஸ் புள்ளி. வலப்பக்கம் போகப்போக வேலை பார்த்த வருடங்கள் கூடும். மேலே போகப்போக மூச்சு கூடும். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு அவர் கையைத் தட்டியபோது, ஒவ்வொரு புள்ளியும் தன் ஆளின் கதியில் மூச்சை இழுத்து விட்டது. மின்விசிறி நின்றிருந்ததால் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

மேடம் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எது வந்தாலும் முதலில் தரம் பிரித்துப் பார்ப்பது அவருக்கு வீட்டிலேயே வந்த பழக்கம். “சத்தம் வந்தா வரட்டும். கோடு எங்க போவுதுன்னு பாருங்க” என்றார். புள்ளிகளின் ஊடே அவர் இழுத்த கோடு மேலே போனது. உலைக்கு முன் வருடம் ஏற ஏற மூச்சு நன்றாகிக்கொண்டே போவதாக அது சொன்னது. “அப்போ நம்மளும் உலைக்கே போயிடலாம் மேடம்” என்று யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது.

அந்த வகுப்பு மாணவன் ஸ்டீவனுக்குச் சிரிப்பு வரவில்லை, நிம்மதி வந்தது. அந்தப் புள்ளிகளில் ஒன்று அவனுடைய அப்பா. கழனி வேலை செய்த குடும்பத்திலிருந்து ஆலைக்குப் போன முதல் ஆள் ஆசீர்வாதம். இப்போது அவரை உலைவாயிலேயே நிற்கும் மேஸ்திரியாகப் போடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது என்று அவர் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டு வந்தார். “உங்க டெஸ்ட்டு இன்னா சொல்லுதுன்னு பாத்து சொல்லுடா, அப்பால ஒத்துக்கறேன்” என்று மகனிடம் சொல்லியிருந்தார். அன்று மதியமே ஸ்டீவன் போன் செய்தான். “சூப்பரா கீதுப்பா. தைரியமா ஒத்துக்கோ.”

அவன் போனை வைப்பதற்குள் ஜபீன் என்கிற மாணவி மேடத்தைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். “மேடம், இந்த மூலையில புள்ளியே இல்ல. ஆனா யாரோ இருமறாங்க.” வலப்பக்கத்துக் கீழ் மூலை வெறுமையாகத்தான் இருந்தது. மேடமும் காதை வைத்தார். ஒருவர் அல்ல, பலர் இருமினார்கள். அந்த மூலையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், இருமல் போகவில்லை.

“யாரையெல்லாம் அளந்தீங்க?” என்று வகுப்பைக் கேட்டார்.

“ஷிஃப்டுல இருந்த எல்லாரையும் மேடம்.”

“வேலைய வுட்டுப் போனவங்கள?”

மாணவர்கள் பட்டியலைப் புரட்டினார்கள். அதில் அப்படி ஒருவரும் இல்லை.

“மூச்சு நல்லா இருக்கறவன்தான் அங்க அத்தனை வருஷம் நிப்பான். நிக்க முடியாதவன் உங்க கணக்குக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஊட்டுக்குப் போயிருப்பான். இருக்கறவங்கள மட்டும் எண்ணினா உலை மருந்தாத்தான் தெரியும்.”

ஸ்டீவனுக்குக் காது சுட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், “உன்கூட வேலைக்குச் சேர்ந்தவங்க எல்லாம் இப்ப எங்கப்பா?” என்று கேட்டான். ஆசீர்வாதம் ஒவ்வொரு முகமாக நினைத்து, ஆலையை விட்டுப் போனவர்களை விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்து, “ஏறு, காட்டறேன்” என்றார்.

முதலில் பக்கத்து ஆரணியில் துளசிராமன் வீடு. அவரும் ஆசீர்வாதமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஸ்டீவன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த குழாயில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர் ஊதினார். குழாயின் அளவு முள் அசைந்ததா இல்லையா என்று ஸ்டீவன் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

“நல்லா ஊதுண்ணா” என்றார் ஆசீர்வாதம்.

“இதான் நைனா நல்லா ஊதறது.” துளசிராமன் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. “நீ இன்னும் அங்கதான் போய்க்கினு கீறியா?”

பிறகு வந்த ஞாயிறுகளில் அப்பாவும் மகனும் சோழவரம் வரை போனார்கள். சில வீடுகளில் ஆள் இருந்தார்; சில வீடுகளில் மாலை போட்ட படம் இருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப் புள்ளிகள் கீழ் மூலையில் இறங்கின. புள்ளி வைத்ததும், அங்கே அலைந்துகொண்டிருந்த இருமலில் ஒன்று அதற்குள் போய் அடங்கியது. படங்களாக இருந்தவர்களின் இருமல் மட்டும் வெற்றிடத்திலேயே தங்கிவிட்டது. கோட்டைத் திரும்பப் போட்டபோது அது கீழே சாய்ந்தது.

ஆசீர்வாதம் ஒருநாள் லீவு போட்டுக் கல்லூரிக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, “இதுல நான் எது?” என்று கேட்டார். ஸ்டீவன் காட்டினான். அவர் காதை வைத்துக் கேட்டார். தன் மூச்சோடு அது சேர்ந்தே வந்தது. இழுப்பின் முடிவில் சின்னதாக ஒரு விசில்.

“அப்பா, அன்னிக்கு நான் போன்ல சொன்னது தப்பு” என்றான் ஸ்டீவன்.

“தெரியுது” என்றார். பிறகு காதைத் துளசிராமனின் புள்ளிக்கு நகர்த்தி வைத்துக் கேட்டார். மறுநாள் மேஸ்திரி வேலை வேண்டாமென்று சொல்லிக் குடோனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேடம் அனுப்பிய வரைபடத்தை ஆலை நிர்வாகம் முதலில் நம்பவில்லை. ஒரு மேலாளர் வந்து பலகையில் காது வைத்துக் கேட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். அடுத்த ஆண்டு உலைக்கு மேல் புகை உறிஞ்சும் குழாய்கள் வந்தன. பலகையை யாரும் துடைக்கவில்லை. அந்த அறையில் பாடம் எடுத்தவர்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்கள். புள்ளியியலுக்குப் பக்கத்துச் சுவரில் வேறு பலகை மாட்டினார்கள். அதில் ரமீஸா மேடம் சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை அளவுகளைப் போட்ட அன்று புதுப் பலகையிலிருந்து மூச்சுச் சத்தம் எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் ஜன்னல் வழியாக எறும்புகள் சாரைசாரையாக வந்து மேல்வரிசைப் புள்ளிகளை மொய்த்தன. மேடம் அவற்றை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, சராசரி எங்கே விழுகிறது என்று கேட்டார்.